பழைய புல்லட்டும் ஆயில் ஃபில்டரும்: ‘ஒரிஜினல்’ என்பது எது?

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்குச் சாலை வழியே சுமார் 12 கிலோமீட்டர். கொல்லம்–திருமங்கலம் நெடுஞ்சாலையின் இந்தத் துண்டு பழைய என்ஃபீல்ட் புல்லட்டுக்கு நெடும்பயணமும் அல்ல, கடைத்தெருவுக்குப் போய்வரும் தூரமும் அல்ல. இங்கும் தமிழ்நாட்டின் மற்ற ஊர்களிலும் இரும்பு சிலிண்டர் புல்லட் வைத்திருப்பவர்கள் ஆயில் மாற்றும் ஒவ்வொரு முறையும் ஒரே கேள்வியில் வந்து நிற்கிறார்கள்: ஃபில்டர் கம்பெனிப் பொருளாகத்தான் இருக்க வேண்டுமா, வெளித் தயாரிப்பு போதுமா?

ஃபில்டரின் விலை, கூடவே ஊற்றும் ஆயிலின் விலையில் சிறு பங்குதான். அது தன் வேலையைச் செய்யாமல் போனால் அடிபடுவது கிராங்கும் கனெக்டிங் ராடும். அந்தச் செலவு வேறு கணக்கு. இந்த இடைவெளிதான் கேள்வியை இத்தனை ஆண்டுகள் உயிரோடு வைத்திருக்கிறது. பதில்களும் குறைவில்லை. தொழிற்சாலை ஒன்று சொன்னது, பட்டறை இன்னொன்று சொன்னது, இங்கிலாந்தின் பழைய வண்டி ஆர்வலர்கள் மூன்றாவதாக ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். ஒவ்வொன்றும் எங்கிருந்து வந்தது, எந்த இடத்தில் தடுமாறுகிறது என்று பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை.

எந்த வண்டிக்கு இந்தக் கேள்வி?

பழைய வண்டி எல்லாவற்றுக்கும் இது பொருந்தாது. மைசூரில் தயாரான ஜாவா, எஸ்டி, எஸ்கார்ட்ஸின் ராஜ்தூத், 1985 முதல் 1996 வரை வந்த யமஹா ஆர்எக்ஸ் 100 ஆகிய எல்லாம் டூ ஸ்ட்ரோக். அவற்றில் பெட்ரோலோடு சேரும் ஆயில் எரிந்து புகையாகப் போய்விடும். சுற்றி வந்து வடிகட்டப்படுவதற்கு எதுவும் மிச்சமில்லை. 1985இல் வந்த ஹீரோ ஹோண்டா சிடி 100 ஃபோர் ஸ்ட்ரோக்தான். ஆனால் அதில் மாற்றக்கூடிய ஃபில்டர் கிடையாது. ஒரு கம்பி வலையும், கிராங்கோடு சுழன்று அழுக்கை ஓரத்துக்கு வீசி ஒட்டவைக்கும் ஒரு கிண்ணமும் மட்டுமே. அதைக் கழற்றித் துடைத்தால் முடிந்தது.

ஆக, நம் ஊர்களில் இந்த வாதம் பெரும்பாலும் ஒரே வண்டியைச் சுற்றியது: இரும்பு சிலிண்டர் கொண்ட புல்லட் 350, அதன் 500 சிசி தம்பி. பட்டறைகளில் ‘சி.ஐ. என்ஜின்’ என்பார்கள்.

ஃபெல்ட் வந்த வழி

வாகன என்ஜினுக்குத் தனி ஆயில் ஃபில்டர் என்ற எண்ணமே 1920களில் அமெரிக்காவில் உருவானது. ‘பியூரோலேட்டர்’ என்ற பெயரில் அது சந்தைக்கு வந்தது. அதற்கு முன்பும், அதற்கு வெகுகாலம் பின்பும்கூட, பல பிரிட்டிஷ் மோட்டார் சைக்கிள்கள் வெறும் கம்பி வலையோடு ஓடின. டிரையம்ஃப் இரட்டை சிலிண்டர் வண்டிகளில் கிராங்குக்குள்ளேயே ஒரு குழாய் வைத்து, அழுக்கு அதில் சேறாகப் படியட்டும் என்று விட்டிருந்தார்கள். என்ஜினைப் பிரிக்கும்போது சேற்றைச் சுரண்டி எடுக்க வேண்டும்.

இந்தப் பின்னணியில் பார்த்தால் இங்கிலாந்தின் ரெட்டிச்சில் இருந்த ராயல் என்ஃபீல்ட் நிறுவனம் ஒரு படி மேலே நின்றது எனலாம். 1940களின் முடிவில் வந்த புல்லட்டில் ஆயில் தொட்டி கிராங்க் கேஸோடு சேர்த்தே வார்க்கப்பட்டிருந்தது. ஆயிலை அனுப்ப ஒரு பம்ப், திருப்பி எடுக்க ஒரு பம்ப். அனுப்பும் பம்பிலிருந்து வரும் ஆயில், டைமிங் பக்கத்தில் உள்ள ஒரு அறையில் ஃபெல்ட் (நெய்யாமல் அமுக்கிப் பிணைத்த துணி) சுற்றிய வலைக்குழாயைக் கடந்த பிறகே கனெக்டிங் ராடின் பெரிய முனைக்கு, அதாவது பிக் எண்டுக்குப் போகும். அங்கே இருப்பது உருளை பேரிங் அல்ல, மிதக்கும் புஷ். மெல்லிய ஆயில் படலத்தின் மேல்தான் அது மிதக்கிறது. ஆயில் வரத்து தடைபட்டால் அதற்கு மன்னிப்பு கிடையாது. ஃபில்டர் வாதம் முழுவதும் கடைசியில் இந்த புஷ்ஷின் வாசலில்தான் வந்து முடிகிறது.

இந்திய ராணுவத்தின் கொள்முதலைத் தொடர்ந்து, மெட்ராஸ் மோட்டார்ஸும் ரெட்டிச் நிறுவனமும் சேர்ந்து 1955இல் என்ஃபீல்ட் இந்தியாவைத் தொடங்கின. திருவொற்றியூர் ஆலையில் முதலில் உதிரிபாகங்களை வரவழைத்துப் பூட்டினார்கள். 1960களின் தொடக்கத்துக்குள் எல்லாமே இங்கேயே தயாராகின. இங்கிலாந்தில் நிறுவனம் 1970 வாக்கில் மறைந்துபோனது. திருவொற்றியூரில் அதே என்ஜின், அதே ஃபெல்ட் ஃபில்டரோடு, 2010 வாக்கு வரை தொடர்ந்தது. 1940களின் வடிகட்டல் முறை ஒன்று அறுபது ஆண்டுகள் உற்பத்தியில் இருந்தது என்பது மோட்டார் உலகில் அபூர்வம். இந்த நீண்ட ஆயுள்தான் ‘ஒரிஜினல்’ என்ற சொல்லைக் குழப்பமாக்கியது. எந்த ஆண்டின் ஒரிஜினல்?

கம்பெனிப் பொருள் மட்டுமே

முதல் நிலைப்பாடு எளிது: நிறுவனத்தின் பெயர் அச்சிட்ட பொட்டலத்தில் வருவதை மட்டும் போடு. இதற்கு இரண்டு வேர்கள் உண்டு. ஒன்று, புது வண்டிக்கான உத்தரவாதம். பழைய வண்டிக்கு அது என்றைக்கோ தீர்ந்துவிட்டது. இரண்டாவது, போலிப் பொருள் பற்றிய பயம். இது நியாயமான பயம். புல்லட் உதிரிபாகத்துக்கு டெல்லி கரோல்பாக் போலவும், பழைய பொருளுக்குச் சென்னை புதுப்பேட்டை போலவும் பெரிய சந்தைகள் உள்ள நாட்டில், பிறர் பெயரை அச்சிட்டு விற்பது லாபமான தொழில். 1999ஆம் ஆண்டு வணிகக் குறிகள் சட்டப்படி அதற்கு ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. சட்டம் இருப்பதே நோயின் அளவைக் காட்டுகிறது.

ஆனால் இங்கே இரண்டு வேறு பொருள்கள் ஒரே பெயரில் கலந்துவிடுகின்றன. போலி என்பது இன்னொருவர் பெயரைத் திருடுவது. வெளித் தயாரிப்பு என்பது தன் சொந்தப் பெயரில் தயாரித்து விற்பது. கடை மேசையில் இரண்டையும் ‘டூப்ளிகேட்’ என்றே ஒதுக்குகிறார்கள். கம்பெனி மட்டுமே என்ற வாதத்தின் பலத்தில் பாதி இந்தக் கலப்படத்திலிருந்து வருகிறது.

இன்னொரு பலவீனமும் உண்டு. வாகன நிறுவனங்கள் பொதுவாக ஃபில்டரைத் தாங்களே செய்வதில்லை. அதற்கென்று உள்ள ஆலைகளில் வாங்குகின்றன. இந்த உறவு இந்தியாவில் வெளிச்சத்துக்கு வந்தது கார் வழக்கு ஒன்றில். 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம், உதிரிபாகங்களைத் திறந்த சந்தைக்கு வரவிடாமல் தடுத்ததாக 14 கார் நிறுவனங்களுக்குச் சுமார் 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. உதிரிபாகத்தைச் செய்துதரும் ஆலையே அதை வெளியில் விற்கத் தடை இருந்ததும் அந்த விசாரணையில் பேசப்பட்டது. மேல்முறையீடுகள் தொடர்ந்தன என்பது வேறு. மோட்டார் சைக்கிளுக்கு அந்த ஆணை நேரடியாகப் பொருந்தாது. ஆனாலும் அது எழுப்பிய கேள்வி இங்கும் நிற்கிறது: ஒரே ஆலையில் ஒரே அச்சில் வந்த பொருள் இரண்டு பொட்டலங்களில் போனால், ஒன்று அசலாகவும் மற்றது வெளிப்பொருளாகவும் ஆவது எப்படி? ஐரோப்பிய ஒன்றியத்தின் 2010ஆம் ஆண்டு விதி, வாகன நிறுவனத்தின் அளவுக்குறிப்புப்படி செய்யப்பட்ட பொருள் எந்த ஆலையிலிருந்து வந்தாலும் அதை அசல் என்றே ஏற்கிறது. வேடிக்கை என்னவென்றால், அந்த விதியில் ‘வாகனம்’ என்றால் மூன்று சக்கரமாவது இருக்க வேண்டும். இரு சக்கரத்துக்காரர்கள் அங்கேயும் வெளியேதான்.

இரும்பு என்ஜினின் உற்பத்தி நின்றபின் நிலைமை இன்னும் மாறுகிறது. இன்று ‘அசல்’ என்று வருவது, உற்பத்தியில் இல்லாத ஒரு வண்டிக்காக இன்றைய ஃபெல்ட்டைக் கொண்டு யாரோ ஒரு ஆலை செய்வது. அது நன்றாக இருக்கலாம். ஆனால் 1965இல் திருவொற்றியூரில் பூட்டிய பொருளோடு அதற்குள்ள உறவு, பெரும்பாலும் அளவிலும் பெயரிலும் மட்டுமே.

எதைப் போட்டால் என்ன?

இரண்டாவது நிலைப்பாடு பட்டறையில் பிறந்தது. ஃபில்டர் எதுவாக இருந்தாலும் சரி, ஆயிலைச் சீக்கிரம் சீக்கிரமாக மாற்றினால் போதும் என்பது. புத்தகத்தில் இல்லாததால் இதை அலட்சியப்படுத்தக் கூடாது. வெறும் வலையோடு ஓடிய என்ஜின்கள் பல பத்தாண்டுகள் தாங்கியிருக்கின்றன. தொட்டியில் இரண்டு லிட்டர் அளவே ஆயில் உள்ள வண்டியில், அதை முழுவதும் வெளியேற்றுவதே பெரிய வடிகட்டல்தான். இதே மரபில்தான் பழைய ஃபெல்ட்டைப் பெட்ரோலில் அலசி மறுபடி பூட்டும் வழக்கமும் வந்தது.

பலவீனம், ஃபெல்ட் எப்படி வேலை செய்கிறது என்பதில் இருக்கிறது. சல்லடை, கண்ணைவிடப் பெரியதை மேலேயே நிறுத்தும். ஃபெல்ட் அப்படியல்ல, ஆற்று மணலில் நீர் ஊறுவது போல, ஆயில் அதன் ஆழத்தில் வளைந்து வளைந்து போகும்போது துகள்கள் நடுவில் எங்கெங்கோ சிக்கிக்கொள்ளும். ஆகவே வெளியே அலசினால் மேலே ஒட்டியது போகும், உள்ளே புதைந்த இரும்புப் பொடி பெரும்பாலும் போகாது. தரமற்ற ஃபெல்ட்டில் இன்னொரு சங்கடம்: அது தானே இழைகளை உதிர்க்கும். வடிகட்ட வைத்ததே குப்பையை ஊட்டும்.

பஞ்சாலைகள் நிறைந்த ராஜபாளையத்திலும், பேண்டேஜ் துணி நெய்யும் சத்திரப்பட்டியிலும் துணிக்குப் பஞ்சமில்லை. ஆனால் நெய்த பருத்தித் துணியை ஃபெல்ட்டின் இடத்தில் சுற்றுவது சரியான மாற்றாகாது. நெய்ததில் இழைகளுக்கிடையே நேர் துளைகள் உண்டு, ஆழம் கிடையாது, வெட்டிய ஓரத்தில் நூல் பிரியும். ஃபெல்ட் நெய்யப்படுவதில்லை, அமுக்கிப் பிணைக்கப்படுவது.

அடிக்கடி மாற்றுவோம் என்ற வாதம் முழுவதுமாகத் தோற்கும் சந்தர்ப்பம் ஒன்று உண்டு. என்ஜினைப் பிரித்து, லேத் பட்டறையில் போர் போட்டு, புது பிஸ்டன் வைத்துப் பூட்டிய பிறகு வரும் முதல் சில நூறு கிலோமீட்டர் அது. கடைந்த சிலிண்டரை எவ்வளவு கழுவினாலும் நுண்ணிய இரும்புப் பொடியும் சாணைக்கல் துகளும் எங்காவது மிஞ்சும். புதுப் பரப்புகள் உரசிப் பதமாகும்போதும் பொடி வரும். அந்த நாட்களில் ஆயில் மாற்றத்துக்கும் அடுத்த மாற்றத்துக்கும் இடையே பிக் எண்டைக் காப்பது ஃபில்டர் ஒன்றுதான். எந்தத் தயாரிப்பு என்ற கேள்விக்கு அப்போது கிடைக்கும் எடை வேறு எப்போதும் கிடைப்பதில்லை. அப்போது கழற்றிய ஃபெல்ட்டை அலசாமல், பிளந்து பார்ப்பது நல்லது. உள்ளே மினுங்குவது காந்தத்தில் ஒட்டுகிறதா, அலுமினியமா, புஷ்ஷின் வெள்ளை உலோகமா என்பது, என்ஜினைப் பிரிக்காமலே என்ஜினைப் பற்றிச் சொல்லும்.

காகிதமும் கம்பி வலையும்

மூன்றாவது அணி, ஃபெல்ட் என்பதே பழங்கதை என்கிறது. ரெட்டிச் நிறுவனம் மூடிய பின்னும் இங்கிலாந்தில் புல்லட்டுகள் ஓடிக்கொண்டிருந்தன. 1970களின் பிற்பகுதியிலிருந்து இந்தியப் புல்லட்டுகளும் அங்கே ஏற்றுமதியாயின. அங்குள்ள உதிரிபாக வியாபாரிகளும் ஆர்வலர்களும் ஃபெல்ட்டின் இடத்தில் காகித ஃபில்டர், கழுவக்கூடிய ஸ்டெயின்லெஸ் வலை, வெளியே குழாயிட்டுப் பூட்டும் பெரிய ஃபில்டர் என்று மாற்றுகளைக் கொண்டுவந்தார்கள்.

அவர்கள் கையிலுள்ள வலுவான சான்று மோட்டார் சைக்கிளிலிருந்து வந்ததல்ல. 1988இல் ஜெனரல் மோட்டார்ஸ் சார்பில் வெளியான ஆய்வு, 40 மைக்ரான் ஃபில்டரோடு ஒப்பிட்டால் 30 மைக்ரான் ஃபில்டரில் தேய்மானம் பாதியாகவும், 15 மைக்ரானில் சுமார் 70 சதவீதமும் குறைந்ததாகச் சொன்னது. தலைமுடி ஒன்றின் தடிமன் ஏறத்தாழ 70 மைக்ரான். பேரிங்கில் உள்ள ஆயில் படலம் சில மைக்ரான்தான். எனவே கண்ணுக்குத் தெரியாத துகளே அதிகம் தேய்க்கிறது என்பது பொருந்துகிறது. ஆனால் அந்தச் சோதனையில் ஆயிலில் வேண்டுமென்றே சோதனைத் தூசு கலக்கப்பட்டது. ஓடியவை கார், லாரி ரக என்ஜின்கள். ஒரு சிலிண்டர் புல்லட்டுக்கு அந்த 70 சதவீதத்தை அப்படியே எடுத்துச் சொல்வது அத்துமீறல்.

தவிர, வடிகட்டும் திறன் ஒரு பக்கம். ஆயிலை விடும் திறன் மறுபக்கம். இன்றைய என்ஜினின் பம்ப் பலம் மிக்கது, அதன் ஃபில்டரில் அடைப்பு வந்தால் வழிவிடும் வால்வும் உண்டு. புல்லட்டின் பம்போ ஒரு வார்ம் கியரில் மெதுவாக ஆடும் சிறு பிஸ்டன். அதன் வட்டத் தகடு தேய்ந்திருந்தால் தள்ளும் ஆயில் இன்னும் குறையும். நுண்ணிய காகிதத்தைக் குறைந்த பரப்பில் வைத்தால், சுத்தமான ஆயில் கொஞ்சமாகப் போகும். மிதக்கும் புஷ்ஷுக்கு அழுக்கு ஆயிலைவிட வராத ஆயில் ஆபத்தானது. இந்த ஒரு காரணத்தால், நுண்மை என்ற எண்ணை மட்டும் பார்த்துத் தேர்வு செய்யும் வாதத்தை என்னால் ஏற்க முடியவில்லை. மடிப்புகள் மிகுந்து, மொத்தப் பரப்பு பெரிதாக உள்ள காகித ஃபில்டர் இந்த எதிர்வாதத்திலிருந்து ஓரளவு தப்புகிறது. ஸ்டெயின்லெஸ் வலையில் ஆயில் தாராளமாகப் போகும், அலசினால் உண்மையிலேயே சுத்தமாகும். ஆனால் ஆழம் இல்லாததால் நுண்பொடியை விட்டுவிடக்கூடும்.

அணிகள் மூன்றும் அதிகம் பேசாத ஒன்று பூட்டும் முறை. ஃபில்டரின் நீளம் ஒரு மயிரிழை குறைந்தாலும், முனை சமதளமாக இல்லாவிட்டாலும், ஸ்பிரிங், வாஷர், ரப்பர் வளையம் ஆகியவற்றின் வரிசை மாறினாலும், ஆயில் ஃபெல்ட்டைச் சுற்றிக்கொண்டு போய்விடும். அல்லது போகாமலே நின்றுவிடும். அப்போது பொட்டலத்தில் எந்தப் பெயர் இருந்தும் பயனில்லை. மூடும் முன் அறையை ஆயிலால் நிரப்பாவிட்டால், மெதுவான பம்ப் அதை நிரப்பும் வரை பிக் எண்ட் காய்ந்தே சுழலும். ‘வெளி ஃபில்டர் போட்டேன், கிராங்க் போச்சு’ என்ற குறைகளில் எத்தனை ஃபில்டரின் குற்றம், எத்தனை பூட்டியதன் குற்றம் என்று பிரிப்பது கடினம்.

வெயிலும் தூரமும்

இங்கிலாந்து அனுபவத்தை அப்படியே இங்கே இறக்குவதில் ஒரு சிக்கல் உண்டு. அங்கே காகித ஃபில்டர் பற்றிய பெரிய பயம் குளிர்காலக் காலை: உறைநிலைக்கு அருகில் ஆயில் தடித்து, நுண்ணிய காகிதத்தில் ஏற மறுக்கும். மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரத்தில் உள்ள நம் இரு ஊர்களிலும் மார்கழி விடியலில்கூட அந்த நிலை வராது. ஆகவே காகிதத்துக்கு எதிரான வாதங்களில் ஒன்று இங்கே வலுவிழக்கிறது.

கோடையில் நிலைமை நேர்மாறு. காற்றால் குளிரும் இரும்பு சிலிண்டர், 38 டிகிரியைத் தாண்டும் வெயில், நெரிசலில் நின்று ஓடும் என்ஜின். சாதாரண வெப்பத்தில் தேன்போல இருக்கும் 20டபிள்யூ-50 ஆயில் 100 டிகிரியில் பத்தில் ஒரு பங்கு தடிமனுக்கு மெலிந்துவிடும். மெலிந்த ஆயில் எந்த ஃபில்டரிலும் எளிதாகப் போகும்; தேய்ந்த பம்பின் இடுக்கிலும் எளிதாகக் கசியும். எனவே வெயிலில் பிக் எண்ட் சத்தம் கேட்டால் ஃபில்டரைவிடப் பம்பையே முதலில் சந்தேகிப்பது நியாயம்.

தூரத்தின் கணக்கு வேறு. 12 கிலோமீட்டர் ஓடினால் என்ஜின் ஓரளவாவது சூடேறும். ஊருக்குள்ளேயே ஒன்றிரண்டு கிலோமீட்டர் ஓடி நிறுத்தும் வண்டியில், எரிப்பில் உண்டாகும் நீர் ஆவியாகி வெளியேறாமல் ஆயிலில் தங்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் இது கூடும். ஈரம் கலந்த ஆயில் ஃபெல்ட்டில் சேறாக ஒட்டும், காகிதத்தையும் நைந்துபோகச் செய்யும். அப்படிப்பட்ட வண்டிக்குக் கிலோமீட்டரைவிட மாதக் கணக்கே பொருத்தமான அளவுகோல்.

அசல்தன்மை என்ற சட்டப் பக்கம்

2021 ஜூலையில் மத்திய அரசு மோட்டார் வாகன விதிகளைத் திருத்தி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு தாண்டிய இரு சக்கர, நான்கு சக்கர வாகனங்களுக்குத் தனிப் பதிவைக் கொண்டுவந்தது. புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். எண்ணில் ‘விஏ’ என்ற எழுத்துகள் வரும். வண்டி அசல் வடிவில் இருக்க வேண்டும், என்ஜினிலும் சட்டகத்திலும் கணிசமான மாற்றம் கூடாது. அன்றாடப் போக்குவரத்துக்கோ வணிகத்துக்கோ பயன்படுத்தவும் கூடாது. மூடிக்குள் போகும் ஃபில்டர் காகிதமா ஃபெல்ட்டா என்று யாரும் திறந்து பார்க்கப்போவதில்லை. வெளியே குழாயிட்டுப் பூட்டிய பெரிய ஃபில்டர் ‘கணிசமான மாற்றம்’ ஆகுமா என்பது விவாதத்துக்குரியது. அன்றாடம் ஓட்டுபவருக்கு இந்தப் பதிவே தேவைப்படாது என்பதால், இந்தக் கவலை காட்சிக்கு வைப்பவருடையது.

தீராமல் நிற்பவை

இதுவரையிலான சான்றுகளைக் கொண்டு சிலவற்றை ஓரளவு உறுதியாகச் சொல்லலாம். போலியைத் தவிர்ப்பது வேறு, வெளித் தயாரிப்பைத் தவிர்ப்பது வேறு. முன்னதற்குக் காரணம் உண்டு, பின்னதற்கு அந்தக் காரணம் போதாது. அளவும் முனையும் சரியாக உள்ள புது ஃபெல்ட், அலசிப் போட்ட பழைய ஃபெல்ட்டைவிட மேல் என்பதில் அதிகக் கருத்து வேறுபாட்டுக்கு இடமில்லை. பம்பின் நிலை தெரியாமல் நுண்ணிய ஃபில்டருக்கு மாறுவது, கேள்வியைத் தீர்க்காமல் இடம் மாற்றுவது.

தீராத பகுதி அளவீட்டில் இருக்கிறது. முழு ஓட்ட ஃபில்டர்களைச் சோதிக்க ஐஎஸ்ஓ 4548 என்ற தொடர் தரநிலை உண்டு. அதில் ஃபில்டருக்கு முன்னும் பின்னும் உள்ள துகளை எண்ணி, அவற்றின் விகிதமாகத் திறனைச் சொல்வார்கள்: விகிதம் 2 என்றால் குறிப்பிட்ட அளவுத் துகளில் பாதி சிக்கியது, 75 என்றால் 98.7 சதவீதம் சிக்கியது. புல்லட்டுக்கான ஃபெல்ட் பொட்டலங்களில் அத்தகைய எண் பெரும்பாலும் அச்சிடப்படுவதில்லை, அசலிலும் சரி, வெளித் தயாரிப்பிலும் சரி. அந்த எண் கிடைத்தாலும், மெதுவாக ஆடும் பழைய பம்பின் குறைந்த ஓட்டத்தில் அது எவ்வளவு பொருந்தும் என்பது அடுத்த கேள்வி. ஒரே ஆலையின் ஃபெல்ட் தொகுதிக்குத் தொகுதி எவ்வளவு மாறுகிறது என்பது மூன்றாவது. இவற்றுக்குப் பதில் வரும் வரை, வாங்குபவர் கையிலுள்ள கருவிகள் வெர்னியர் அளவுகோலும், பிளந்து பார்க்க ஒரு கத்தியும்தான்.